வாங்க என்று சொல்ல ஒரு வாசல்

எங்கள் வீடு ஒருநாள் மத்தியானம் வரைக்கும் எங்கள் வீடாக இல்லாமல் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கலுக்கு முந்தின வாரம் அது.

கள்ளக்குறிச்சியில் ரைஸ் மில்லைத் தாண்டி, அப்போதுதான் புதிதாகக் கிளம்பிய தெரு எங்களுடையது. டவுன் என்றும் சொல்ல முடியாது, காடு என்றும் சொல்ல முடியாது. மேற்கே கல்வராயன் மலை கருத்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் காய்கிற துணியை எடுப்பார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் அப்படிக் கருத்து இறங்கிய மழையில், மில்லில் நெல் புடைக்கப் போகிற அத்தையின் மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. சொந்தம் ஒன்றும் இல்லை, கூப்பிடுகிற அத்தைதான். வாடகை மனை. மறுபடி சுவர் வைக்க மாமா மண் குழைத்தபோது மனைக்காரர் வந்து, வேண்டாம், பிரித்து விற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை, மாமா, என் வயதில் ஒரு பெண், மூன்று பேரும் தெருக்கோடியில் மில் வண்டிகள் நிற்கிற கொட்டாய்க்கு வந்தார்கள். கம்பம் உண்டு, கூரை உண்டு. சுவர் கிடையாது, கதவு கிடையாது. சாக்கைப் பிரித்துப் படுதா கட்டிக்கொண்டார்கள். கொட்டாயில் வைக்க முடியாத சாமானைத் தெருக்காரர்கள் ஆளுக்கொன்றாக வாங்கி வைத்தார்கள். துணிப்பெட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில். பித்தளைக் குடம் தையல்காரர் வீட்டில். உரலும் அம்மியும் பால்காரர் வாசலில். மழை பெய்கிற ராத்திரியில் அந்தப் பெண் என் பாயில் வந்து படுத்துக்கொள்வாள். அவர்கள் வீடு எங்கேயும் போகவில்லை, தெரு பூராவும் பிரிந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் மறுபடி வீடாகிவிடும் என்று எனக்கு ஒரு யோசனை. அம்மாவிடம் சொன்னேன்.

"சுவரு யாரு வூட்ல கீதுன்னு கேட்டுக்கினு வா" என்றாள் அம்மா.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பழைய வீட்டில் இருந்தபோது அத்தை யாரைக் கண்டாலும் "வாங்க, வாங்க" என்பாள். ஆடு எட்டிப் பார்த்தாலும் வாங்க என்பாள் என்று மாமாவே கேலி பண்ணுவார். கொட்டாய்க்கு வந்த பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வரவேயில்லை. நாங்கள் குழம்பு எடுத்துக்கொண்டு போனால் படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பாள். "இன்னாக்கா" என்பாள். அம்மாவும் வெளியிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவாள். உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்க எனக்கு ஆசை. கழுத்தை நீட்டினால் அம்மா கையைக் கிள்ளுவாள்.

அத்தைக்குக் களமருதூரில் ஒரு அண்ணன். வருஷம் தவறாமல் பொங்கல் சீர் கொண்டுவருவார். வீடு போன சங்கதி அவருக்குத் தெரியாது. துணிப்பெட்டியில் புடவை எடுக்க வந்த அன்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டேன்.

"எங்கண்ணன் இந்தக் கொட்டாயப் பாத்துச்சுன்னா ஒண்ணும் பேசாதுக்கா. நேரா போயி ஏரு மாட்ட வித்துடும். வித்து எனக்கு வூடு கட்டும். அப்புறம் அது எத வெச்சி ஏரு ஓட்டும்? இருக்கறது ஒரு ஜோடி."

"இந்த வருசம் வர வேணாம்னு சொல்லி அனுப்பேன்."

"வேணாம்னு சொன்னா இன்னா ஏதுன்னு அன்னிக்கே பஸ்ஸு ஏறிடும்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள். "வூடு மாறிட்டோம்னு சொல்லு. உன் வூட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு, நேரா இங்க இட்டுக்கினு வரட்டும்."

"இங்கன்னா?"

"இங்கதான். உன் பொட்டி இங்கதான கீது."

அந்த நாளும் வந்தது. காலையில் வாசல் தெளித்தது அம்மா. கோலமாவுக் கொட்டாங்கச்சியை மட்டும் அத்தை கையில் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதமாகக் கோலம் போடாத கை. பாதித் தெருவுக்குப் போட்டுவிட்டது. உள்ளே வந்த அத்தை சுவரில் மாலை போட்டிருந்த தாத்தா படத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இது யாருன்னு கேட்டா?"

"வூட்டு ஓனரோட அப்பான்னு சொல்லு. பொய் இல்லியே" என்றாள் அம்மா.

பிறகு என்னை இழுத்து நிறுத்தினாள். "மத்தியானம் வரைக்கும் இது அத்த வூடு. நாம பக்கத்து வூடு. வாயத் தொறக்காத." எனக்கு நாலு பேர் எதிரில் எப்போதுமே வாய் வராது. வாயைத் திறக்காதே என்பதை அப்பாவிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவிடம், மத்தியானம் வரைக்கும் டீக்கடையில் இருங்க என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மாவும் நானும் தையல்காரர் வீட்டு வேலியோரம் நின்றோம். மாமாவோடு அத்தையின் அண்ணன் வந்தார். ஒல்லியான ஆள். தோளில் கரும்புக்கட்டு, தலையில் பூசணியும் அரிசியும் வைத்த மூட்டை, கையில் மஞ்சள் கொத்து. அத்தை செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றிருந்தாள். "வாண்ணா. உள்ள வாண்ணா" என்றாள். அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அவர் கால் கழுவிக்கொண்டு குனிந்து உள்ளே போனார்.

நம் வீடு அடுத்தவர் வீடாக இருக்கும்போது எப்படி இருக்கும்? அதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அம்மா கையிலிருந்து நழுவிப் போய் எங்கள் கதவோரம் நின்றேன். அத்தை பெண் என்னைப் பார்த்துவிட்டு, "உள்ள வா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று பெரிய மனுஷியாட்டம் கூப்பிட்டாள். போனேன். மூலையில் சுருட்டி வைத்திருந்த என் பாய்கூட யாருடையதோ மாதிரி இருந்தது. அதில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

எங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து எனக்கொரு துண்டு கொடுத்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"வூடு பெருசாத்தான் கீது. ஒழுவுதா?"

"இல்லண்ணா" என்றாள் அத்தை.

அடுப்புக்கு மேலே ஒழுகும். எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. கரும்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அப்போது அப்பா வந்தார். எப்போதும்போல வாசலிலேயே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு கை சட்டைக்குள்ளே, ஒரு கை வெளியே. கட்டிலில் ஆள் இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டார். அத்தையின் அண்ணன் எழுந்து, "வாங்க, யாருங்க?" என்றார்.

"நான் சும்மா... இப்டியே..." என்றார் அப்பா.

"வூட்டு ஓனருண்ணா" என்றாள் அத்தை.

அவர் படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மொகம் அப்டியே கீது" என்றார். அப்புறம் மேல்துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு கைகூப்பினார். "எங்களுக்கு இது ஒரே தங்கச்சிங்க. வாடக முன்ன பின்ன ஆனாலும் திடீர்னு காலி பண்ணச் சொல்லிடாதீங்க. பொறுத்துக்கோங்க."

அப்பா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். அத்தை தலைகுனிந்துகொண்டாள். "நான் இருக்கற வரைக்கும் யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. இது அவங்க எடம் மாதிரிதான்" என்று அப்பா சொல்லிவிட்டு, கழற்றின கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு மறுபடி டீக்கடைக்கே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மாசி மாதம் எங்கள் பின்கொல்லையில் அவர்களுக்குச் சுவர் எழும்பியது. தெருவே வந்து மண் மிதித்தது. "கட்டில்ல குந்திக்கினு ஒரு ஆளு என் வூட்டயே என்னாண்ட கேட்டு வாங்கிட்டாரு" என்று அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியான பஸ்ஸுக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு மாமா கிளம்பிப் போனார். மாட்டைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். எங்கள் வீடு மறுபடி எங்கள் வீடாகிவிட்டது என்று எனக்கு அவசரம்.

அம்மா கோலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே அத்தை டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்து, "இன்னாக்கா அங்கியே நின்னுக்கினு இருக்கீங்க" என்றாள்.

அம்மா உள்ளே போகவில்லை.

"வாம்மா, அவரு போயிட்டாரு. நம்ம வூடுதான்" என்று நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் தலையில் கையை வைத்து அழுத்தினாள்.

அத்தை கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். டம்ளரை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். "உள்ள வாங்க."

அம்மா கால் கழுவினாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்து, ஊருக்குப் புதிதாக வந்தவள்போலக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று கேட்டாள். எங்கள் பானையிலிருந்து, எங்கள் டம்ளரில் அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதை அண்ணாந்து, நிதானமாகக் குடித்தாள்.

விளையாட்டு முடிந்தது எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.