மஞ்சள் விளக்கும் முகூர்த்தச் சேலையும்

கோச்சடையில் எங்கள் தெருக் கம்பத்திலிருந்த சோடியம் விளக்கை நேற்றுக் கழற்றிவிட்டு, வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினார்கள். அந்த மஞ்சள் விளக்கு எண்பதுகளில் முதன்முதலாக வந்தபோது, அதனால் என் சித்தியின் திருமணமே நின்றுபோகப் பார்த்தது.

குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் விளக்கு நம் வாசலுக்கே வந்துவிட்டதென்று அப்பாவுக்குத் தாளாத பெருமை. மாப்பிள்ளையின் தாயார் செல்லூரிலிருந்து முகூர்த்தச் சேலையை அந்தி சாய்ந்தபின் கொண்டுவந்தார். தெருவே பார்க்கட்டும் என்று அதை விளக்கின்கீழ் விரிக்கச் சொன்னார் அப்பா. விரித்த சேலை கன்னங்கரேலென்று இருந்தது.

"முகூர்த்தத்துக்குக் கருப்பா? இந்தச் சம்பந்தமே வேணாம்!" என்றார் அம்மா.

"கண்ணைத் தொடச்சுட்டுப் பாருங்க. எங்க சொந்தத் தறியில போட்ட செக்கச் செவந்த சேலையாக்கும்!" என்றார் அந்த அம்மாள்.

சேலையை விட்டுத் தமக்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி மெல்லச் சொன்னாள்: "அக்கா, ஒன் குங்குமமும் கருப்பாத்தான் இருக்கு."

அம்மா நெற்றியைப் பொத்திக்கொண்டு அலறினார். அப்பா பதறிப்போய், "ஏண்டி, நான் உசுரோடதான நிக்கிறேன்!" என்றார். சம்பந்தியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே சேலையை வாரி வீட்டுக்குள் எடுத்துச் சென்று குண்டுபல்பின் கீழே பிடித்தார். சேலை சிவந்தது; அம்மாவின் பொட்டும் சிவந்தது.

நேற்று மாலை வெள்ளை விளக்கு எரிந்ததும், அம்மா என்னைக் கைப்பிடித்து இழுத்துப்போய் அதன்கீழ் நிறுத்தினார். முதலில் என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். பிறகே விளக்கைப் பார்த்தார்.