ஒரே கைகுலுக்கல் படமும் திருத்துறைப்பூண்டி ரோட்டு நெல்லும்

குறுவை அறுவடை முடிகிற ஐப்பசியில், நெல் பிடிக்கத் தஞ்சாவூரிலிருந்து மினி லாரியில் கிளம்பினேன். மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்ததால் மூன்று மணி நேரமானது. மூட்டை தூக்கித் தொழிலுக்கு வந்தவன் நான். இப்போது, அங்கே இறக்குமதி பெர்மிட் கிடைக்கிறபோதெல்லாம், கொழும்புக்கு அரிசி அனுப்புகிறேன். இந்த அலைச்சல் அலுத்துவிட்டது.

மன்னார்குடி டீக்கடையில் இரண்டு பேப்பர் வாங்கினேன். இரண்டிலும் இரு நாட்டு அமைச்சர்கள் கைகுலுக்கும் படம். ‘அரிசி ஏற்றுமதிக்குக் கதவு திறந்தது’ என்றது ஒன்று. மற்றது ஆளுங்கட்சிப் பேப்பர்; எங்கள் ஆட்சி கொடுத்த அழுத்தத்தால்தான் திறந்தது என்றது. கொழும்புப் பேப்பரைப் போனில் திறந்தேன். அதே படம்தான். தலைப்பு: ‘உள்ளூர் உழவரைப் பாதிக்கும் இறக்குமதிக்கு இடமில்லை’.

திருத்துறைப்பூண்டிக்கு வெளியே, நான் நெல் பிடிக்கும் விவசாயி செல்வராணி ரோட்டில் காயும் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். குத்தகை நிலம். இந்தப் போகம் குத்தகை நெல் அளக்காவிட்டால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். தெற்கே வானம் கறுத்திருந்தது.

“இன்னிக்கு விலைக்குத் தர மாட்டேன் முதலாளி. கப்பல்ல போவப்போவுதாமே, பேப்பர்ல போட்டுருக்கான்” என்றார்.

கொழும்புப் பேப்பரைக் காட்டினேன்.

“நெல்லு வாங்க வர்ற அன்னிக்குத்தான் இதெல்லாம் உங்க கண்ணுல படுமா?”

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. விலை குறைய வேண்டும் என்றுதான் நானும் காட்டினேன்.

“அங்க உள்ள ஆளுக்குப் போன் போடுங்க. சத்தமா வைங்க, நானும் கேக்குறேன்.”

போட்டேன். கொழும்புக் கடைக்காரர் சிரித்தார். “படம் எங்கட பேப்பரிலயும் வந்தது அண்ணை. பெர்மிட்தான் வரேல்ல.”

செல்வராணி வானத்தைப் பார்த்தார். “ரெண்டு நாடும் நல்லா இருக்கட்டும். நீங்க சாக்கைப் பிடிங்க.”

பிடித்தேன். காய்ந்த நெல்லை முதலில் மூட்டை கட்டினோம்.

“எனக்குத்தானேம்மா?”

“உங்களுக்கா? இது குத்தகை நெல்லு. வண்டி சும்மாதானே திரும்புது, நிலத்துக்காரர் வீட்டுல எறக்கிட்டுப் போங்க. மிச்சத்தைக் கவர்மெண்டு விலைக்குக் கொள்முதல் நிலையத்துல போட்டுக்கிறேன்.”

டிரைவர் முருகேசன் என் காதருகே வந்தார். “டீசல் நம்மது, லோடு அவங்களுது. பிரமாதமான யாவாரம் முதலாளி.”

நிலத்துக்காரர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். மன்னார்குடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசியில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். ரோட்டு நெல் மீது வண்டியை ஏற்றாதீர்கள். வியாபாரத்துக்கு வருவதானால் இரண்டு நாட்டுப் பேப்பரையும் படியுங்கள். ஒவ்வொன்றும் தன் வாசகனுக்குப் பிடித்த பாதியை மட்டும் பெரிய எழுத்தில் போடும். கையெழுத்தானதா, பேச்சோடு நின்றதா என்பது உள்ளே நாலாவது பத்தியில் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து செல்வராணியிடம் போனில் கேட்டேன். மிச்ச நெல்லில் பாதி, கொள்முதல் நிலைய வாசலிலேயே மழையில் நனைந்து முளைவிட்டுவிட்டதாம். நிலம் கைவிட்டுப் போகவில்லை. சம்பாவுக்கு நாற்று பறித்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுங்கள் என்று வைத்துவிட்டார்.