ரிம்முக்குள் வைத்த ரப்பர்

புகையறையில் காய்ந்த ரப்பர் ஷீட்டுக்கு ஒரு மணம் உண்டு. விறகுப் புகையும் புளித்த பாலும் கலந்த மணம். குலசேகரத்துப் பக்கத்தில் அது சம்பாத்தியத்தின் மணம். எனக்கு அது பஞ்சரான சைக்கிளின் மணம். என் மாமனார் அந்த ஷீட்டிலிருந்து விரலகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி, என் சைக்கிளின் ரிம்முக்குள் வைத்திருந்தார். காற்றிறங்கி நின்ற சக்கரத்தருகே குனிந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் குறையவில்லை.

நான் நாஞ்சில் நாட்டு வயல்காட்டில் பிறந்தவள். கல்யாணமாகி மலையோரத்துக்கு வந்தபோது என் சைக்கிளும் கூடவே வந்தது. கணவர் கல்ஃபுக்குத் திரும்பிய பிறகு, சந்திப்பில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கேற்ற வேலை. சில மாதங்களில் நிலையத்தின் சாவியையே என்னிடம் கொடுத்தார்கள். காலையில் நான் போய்த் திறந்தால்தான் வேலை நடக்கும். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வாசலில் காத்திருப்பார்கள். எனக்கென்று இருந்தது அந்தச் சாவி ஒன்றுதான்.

மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். சைக்கிள் வேலையும் தனக்கு அத்துப்படி என்பார். சக்கரத்தின் நடுவில் அச்சு சுற்றும் ஹப் விஷயத்தில் அதில் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் முற்றத்தில் சாக்கை விரித்து, சக்கரத்தைக் கழற்றி, அச்சை உருவி, உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளைச் சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார். புதுக் கிரீஸ் வைத்துக் குண்டுகளைப் பதித்து, குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோன் மரையை முறுக்கி, பிறகு ஒரு பொட்டு தளர்த்துவார். முறுக்கினால் சக்கரம் இறுகும், தளர்ந்தால் ஆடும். அவர் கைபட்ட சக்கரம் ஒரு தட்டுக்குச் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோளாறு ரிம்மில் இருந்தது. போக்ஸ் கம்பிகளின் தலை டியூபைக் குத்தாமல் இருக்க ரிம்முக்குள் ஒரு பட்டை போடுவார்கள். கடையில் துணிப்பட்டை கிடைக்கும். மாமா அதைத் தொடமாட்டார். "வீடு நெறய ரப்பர வச்சிட்டு கடையில போயி துணி வாங்கணுமா மக்களே? டயரு ரப்பரு, டியூப்பு ரப்பரு. நடுவுல மட்டும் துணி எதுக்கு?" என்பார் என்னிடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு ஷீட், டயர் டியூபைப் போல ஆலையில் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் அல்ல. பரிசோதனை நிலைய வாசலில் பகல் முழுக்க வெயிலில் நின்றால் இளகும், ஒட்டும், ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில் கம்பித்தலை டியூபைக் கடிக்கும்.

வாரத்துக்கு ஒரு பஞ்சராவது நிச்சயம். ரோட்டில் முள் கிடக்கிறது என்று மாமா ரோட்டைத் திட்டுவார். சைக்கிள் கடையில் காட்டலாம் என்று நான் வாயெடுத்தாலே முகம் சுருங்கிவிடும். கணவரிடம் ஃபோனில் சொன்னால், "அப்பாக்க மனசு நோகாம பாத்துக்க" என்பார். என் மனசு எங்கே நோகும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஒருநாள் பொறுக்காமல் சந்திப்பிலேயே ஒரு சைக்கிள் கடையில் காட்டினேன். கடைக்காரர் டியூபைத் திருப்பிப் பார்த்தார். "ரோட்டுல குத்தினதில்ல, எல்லா ஓட்டையும் ரிம்முப் பக்கத்துல" என்றவர், இளகிய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிரித்தார். துணிப்பட்டை போட்டுத் தந்தார். அதன்பிறகு பஞ்சரே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு டீக்கடைக்குப் போய்விட்டது. "ஓய், சைக்கிளுக்குள்ளயும் பால் வெட்டுதீரோ?" என்று மாமாவிடம் யாரோ கேட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சாக்கை விரித்தார். ஹப்பைக் கழுவினார். துணிப்பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, முன்னைவிடத் தடியான ரப்பர் பட்டையை வைத்தார். அடுக்களை ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சைக்கிள் என்னுடையது, முற்றம் அவருடையது.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியில், இறக்கத்தில் பின்சக்கரத்தில் காற்றிறங்கியது. தள்ளிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது, சர்க்கரை பார்க்க வந்த ஒருவர் பூட்டிய கதவின் முன் வியர்த்துச் சாய்ந்து கிடந்தார். யாரோ டீயில் நிறையச் சீனி போட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நிலையத்து முதலாளியம்மா கையை நீட்டினார், நான் சாவியைக் கொடுத்தேன். வேலையிலிருந்து நானாகவே நின்றுவிட்டதாக வீட்டில் சொன்னேன். மாமா தலையாட்டினார். பிறகு அந்த மாதிரி வேலை எனக்கு அமையவே இல்லை.

இப்போது மாமாவுக்குக் கால்கள் வழங்குவதில்லை. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் முற்றத்திலும் ரோட்டிலும் போய்வருகிறார். அதன் ஹப்பைக் கழுவி வைப்பது நான்தான். ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த வேலை எப்படியோ கைக்கு வந்துவிட்டது. போன ஞாயிறு ஒரு சக்கரத்தைக் கழற்றி, கோனைச் சரிசெய்து, ரிம்முக்குத் துணிப்பட்டையை எடுத்தேன். நாற்காலியில் இருந்த மாமா மடியிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை நீட்டினார். அதே மணம்.

"வேண்டாம் மாமா. அன்னைக்கும் டியூப்ப கடிச்சது இதுதான்."

"அதெனக்குத் தெரியாதா மக்களே?" என்றார் மெதுவாக. "டீக்கடையில அவனுவ சிரிச்ச அன்னைக்கே தெரியும். பின்ன துணிய விட்டுவச்சா, நான் தோத்தது ஊருக்கே தெரிஞ்சிருமே."

என் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். "அதுல பஞ்சராயிதான் எனக்கச் சாவிய வாங்கினாங்க மாமா. நானா நிக்கல."

மாமா என்னையே பார்த்தார். நான் துணியைச் சுற்றி, டயரை ஏற்றி, காற்றடித்தேன். அதற்குள் அவர் அந்தப் பட்டையைச் சுருட்டிவிட்டார். தூர எறிவார் என்று காத்திருந்தேன். அவர் அதைத் திரும்பவும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.