காசு வைச்சுக் கட்டின கன்று

மேரிசெலினைப் போல ஒரு விசரியை நான் டென்மார்க்கில காணேல்லை. மன்னாரில இருந்து வந்து பதினெட்டு வருசம். ஒடென்சேக்கு வெளியில ஒரு மாட்டுப் பண்ணையில கன்றுகளுக்குப் பால் பருக்கிற வேலை. அதே பண்ணையில நான் பால் கறக்கிற மெசினோட மல்லுக்கட்டுறனான். என்னை அக்கா எண்டுவாள், ஆனா நான் சொல்லுறது ஒண்டும் கேக்கமாட்டாள்.

போன மாரியில ஒரு நாகுக்கு, பெட்டைக் கன்றுக்கு, தொப்புளில எலுமிச்சங்காய் அளவு வீக்கம். அமத்தினால் உள்ள போகும், விட்டால் வெளியில வரும். முந்தி இப்பிடி வீங்கின ரண்டு கன்றை முதலாளி சுட்டதை அவள் கண்டவள்.

"என்ர பெடியன் டெனிஸ்ரனுக்கும் குழந்தையில இப்பிடித்தான் அக்கா. தொப்புளில காசு வைச்சுக் கட்ட அமந்திட்டுது."

"பிள்ளையும் மாடும் ஒண்டே? முதலாளியிட்டச் சொல்லடி."

"சொன்னால் சுட்டுப்போடுவான். வாயில்லாச் சீவன், பாவம்."

அஞ்சு குரோனர் காசில ஓட்டை இருக்கு, சரிவராதெண்டு இருபது குரோனர் காசுக் குத்தியைத் துணியில சுத்தி வயித்தோட இறுக்கிக் கட்டினாள். கன்றின்ர காலைப் பிடிச்சது நான். ஏசி ஏசிப் பிடிச்சனான். அதுக்கு மேல குளிருக்குப் போடுற கன்றுச்சட்டை, ஒருத்தரும் காணேல்லை.

மூண்டாம் கிழமை கன்று பால் குடிக்காமல், பல்லை நெருமிக்கொண்டு தன்ர வயித்தில உதைச்சுது. சட்டையைக் கழட்டினால் வீக்கம் கல்லுமாதிரி. அமத்தினாலும் உள்ள போகேல்லை. மேரிசெலின் அழுதழுது முதலாளியிட்ட ஓடினாள்.

மிருக வைத்தியர் ஜோனாஸ் வந்து மயக்க ஊசி போட்டு, கன்றை மல்லாத்திக் கட்டி, துணியை அவிழ்த்து, மயிரை வழிச்சு வயித்தை வெட்டினார். துணி இருந்த இடத்தில தோல் அழுகிக் கிடந்தது. உள்ள ஒரு முழக் குடல் நெரிபட்டுக் கறுத்துப்போச்சு. இனிச் செய்ய ஒண்டுமில்லையெண்டு, மயக்கத்திலேயே போக இன்னொரு ஊசி போட்டார்.

"முதல் கிழமையே கூப்பிட்டிருந்தால் குடலை உள்ள தள்ளி ஓட்டையைத் தைச்சிருப்பன். அரை மணித்தியால வேலை" எண்டார்.

முதலாளிக்கு முகம் சிவந்துபோச்சு. "நாகெண்டால் நாளைக்குப் பால் தரும், நான் எப்பவும் வெட்டித் தைப்பிக்கிறனான். சுட்டது ரண்டும் நாம்பன், பால் தராத ஆண் கன்று, அதுகளுக்கு ஆர் மினக்கெடுறது? இதை ஆர் கட்டினது?"

"நான்தான். தனியக் கட்டினனான்" எண்டாள் மேரிசெலின். நான் வாயை மூடிக்கொண்டு நிண்டன். இப்பவும் அதை நினைக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.

பத்து நாளால ஒரு நாம்பன் பிறந்துது, தொப்புளில அதே வீக்கம்.

"எடி, சின்ன வீக்கம்தானே, தானா அமரும். நீயும் காணேல்லை, நானும் காணேல்லை" எண்டன்.

"இதுவும் குடல் நெரிஞ்சு நொந்து சாகோணுமே அக்கா?" எண்டுபோட்டு அவள் போய் முதலாளியிட்டச் சொல்லிப்போட்டு வந்தாள். பிறகு அவன் துவக்கோட வரும்வரைக்கும் வைக்கோலில இருந்து அதுக்குப் பால் பருக்கினாள்.