புள்ளியைத் தின்ற கோடு

அந்தக் கணினியை எனக்குத் தந்தவன் வெள்ளவத்தையில் டிவி திருத்தும் கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. யாரோ வீடு மாறும்போது அவனிடம் விட்டுப்போன எண்பதுகளின் வீட்டுக் கணினி அது. விசைப்பலகைக்குள்ளேயே முழு மெஷினும் அடக்கம். கூடவே பெட்டி மாதிரியான பழைய டிவி ஒன்றையும் தந்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

கோயில் மண்டபத்தில் பழைய பொருட்களின் கண்காட்சி வைக்கப்போவதாகக் கமிட்டிக் கூட்டத்தில் சொன்னதும் நான் கையை உயர்த்தினேன். கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். தினமும் கந்தோர் ஜன்னலில் பார்ப்பது துறைமுகத்தைத்தான். திரையின் மேல்பாதியில் பல நிறங்களில் ஒரு கப்பல், அதன் அடியோடு ஒட்டினாற்போல் நீலத் தண்ணீரின் மேல் 'கொழும்புத் துறைமுகம்' என்று எழுத்து. இதுதான் என் திட்டம். "ரெண்டும் ஒட்டுற இடமே தெரியாது" என்று கூட்டத்தில் பெருமையடித்தும் வைத்தேன்.

அந்தக் கணினி இரண்டு விதமாகத் திரையைக் காட்டும். ஒன்றில் நிறங்கள் நிறைய, ஆனால் படத்தின் ஒவ்வொரு கட்டமும் தடிப்பு. மற்றதில் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும், நிறம் இரண்டுதான். கப்பலுக்கு முதலாவது வேண்டும், தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் காட்ட அதற்குத் தெரியாது. ஆனால் ஏமாற்றலாம். டிவி மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் படத்தை வரைகிறது. சரியான வரி வரும் கணத்தில் என் புரோகிராம் குறுக்கே புகுந்து வகையை மாற்றிவிட்டால் மேலே கப்பல், கீழே எழுத்து. இதை செக்கனுக்கு ஐம்பது தடவை, ஒரே வரியில் செய்யவேண்டும்.

ஒரே வரியில் அது செய்யவில்லை. ஒரு தடவை சரியாக மாறும், அடுத்த தடவை இரண்டு வரி பிந்தும். பிந்திய வரிகளில் என்ன இருந்தது? எழுத்துகளின் தலைக்கு மேலிருந்த புள்ளிகள். அவை தடித்த கட்டங்களின் கணக்கில் விழுந்து சிவப்புக் கறையாகிக் கப்பலின் அடியோடு கலந்தன. திரையில் 'கொழுமபுத துறைமுகம' என்று நின்றது. வேறு மொழியாக இருந்தால் இரண்டு வரி போனாலும் வாசிக்கலாம். எனக்கு 'ம்' எல்லாம் 'ம' ஆகிக்கொண்டிருந்தது.

நான்கு சனிக்கிழமைகள் போயின. ஓர் எண்ணைத் தவறாக மாற்றினால் மெஷின் அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டு, புரோகிராமைப் பதிந்துவைத்த கேசட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றவேண்டும். பாதி ஏறியதும் பிழை என்று காட்டும். திரும்பவும் முதலிலிருந்து.

மூன்றாவது சனிக்கிழமை, மனைவி குசினியில் கிரைண்டரைப் போட்ட நேரம் பார்த்து, கப்பலும் எழுத்தும் சந்திக்கும் கோடு துள்ளியது.

"அதை நிப்பாட்டு! உன்ர கிரைண்டராலதான் எல்லாம் ஆடுது" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி, பதிலுக்குக் கத்தமாட்டாள். கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த சனி சம்பலை அரைக்காமல் கடையில் வாங்கிவந்தாள். அன்றைக்கும் கோடு துள்ளியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப ஆரின்ர பிழை?"

அன்று மன்னிப்புக் கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

கூட்டாளிக்குக் காட்டலாமென்று போனில் வீடியோ எடுத்தேன். அதில் கறுப்புப் பட்டைகள் ஓடினவே தவிர கோட்டைக் காணவில்லை. கடைசியில் அவனே பஸ் ஏறி வந்து, டிவியின் முன்னால் கொஞ்ச நேரம் குந்தியிருந்தான்.

"மச்சான், கப்பலுக்கும் எழுத்துக்கும் நடுவுல நாலு வரி கருப்பா விடுங்க. அதுக்குள்ள எங்க மாறினாலும் யாருக்கும் வெளங்காது."

"ஒட்டி வரும் எண்டு சொல்லிப்போட்டன்."

"யாருக்கிட்ட?"

"கமிட்டிக்கு."

"அவங்களுக்கு இது ஞாபகம் இரிக்குமா?"

"நானும் இதைத்தான் முதல் கிழமையே கேட்டனான்" என்றாள் மனைவி, தேத்தண்ணீர்க் கோப்பைகளை வைத்தபடி. உண்மைதான். கேட்டாள். விளங்காமல் கதைக்காதே என்று சொல்லியிருந்தேன்.

நாலு வரி கறுப்பாக விட்டேன். பத்து நிமிட வேலை. புள்ளிகள் எல்லாம் எழுத்துகளின் தலையில் வந்து நின்றன. எரிச்சல்தான் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபம் நிறைந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் என் மேசைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. கப்பல் ஏன் தண்ணியில முட்டாம நிக்குது?"

"அது... ஐயா, இந்த டிவி வரிவரியா..." என்று தொடங்கினேன்.

"ஓ, சரி சரி" என்று தலையாட்டிவிட்டு, நான் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் அடுத்த மேசையில் இருந்த தையல் மெஷினைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். கமிட்டியில் எவரும் ஒட்டிய இடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிற்பகல் மனைவியும் நானும் த்ரீவீலரில் டிவியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். ஒவ்வொரு குழியிலும் அது என் தொடையை நசுக்கியது. புரோகிராமில் தாமதம் எங்கே நுழைகிறது என்று அப்போதும் மனம் எண்ணிக்கொண்டே இருந்தது.

"என்ன யோசிக்கிறியள்?" என்றாள்.

"ஒண்டுமில்லை."

"திரும்பவும் மேசையில வைக்கப்போறியளோ?"

நான் டிவியை இன்னும் நெருக்கிப் பிடித்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.