மயக்க மருந்துக்கு முன் இரண்டு ரொட்டி சானாய்

இன்று என் தம்பியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது!

(போன வாரமே நடந்திருக்க வேண்டியது. ஏன் நடக்கவில்லை என்பதற்குத்தான் இந்தப் பதிவு.)

தம்பி குமாருக்கு வயது நாற்பத்தெட்டு. அறிவு வளர்ச்சி சின்னப் பிள்ளை வயதோடு நின்றுவிட்டது. பல் வலித்தால் சொல்லத் தெரியாது. கன்னத்தைச் சுவரில் மோதுவான்.

நாற்காலியில் உட்கார வைத்தால் டாக்டரின் விரலைக் கடிப்பான். இரண்டு கிளினிக்கில் கடித்திருக்கிறான். மூன்றாவது கிளினிக்கில் வாசலிலேயே கைகூப்பிவிட்டார்கள்!

வெளிநாட்டில் இருக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொன்னார். கிராம்புத் தைலமாம். (நன்றிக்கா. டிக்கெட் போட்டு வந்து நீங்களே தடவிவிடுங்கள்.)

கடைசியில் ஈப்போவில் ஒரு மருத்துவமனை, மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குகிறோம் என்றது. ஒரே நிபந்தனை: முதல் நாள் இரவுக்குப் பிறகு அவன் எதுவும் சாப்பிடக் கூடாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து மூவரும் கிளம்பினோம். நான், குமார், அப்பா.

அப்பாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. வர வேண்டாம் என்றேன். என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறார்? என் பட்டமளிப்பு விழாவுக்கு வராத மனிதர், குமாரின் பல்லுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்!

இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனேன். அப்பாவுக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

உள்ளே மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மலாயில் கேட்டார், "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று.

"இல்ல" என்று நான் அடித்துச் சொன்னேன்.

"சாப்ட்டேன்!" என்றான் குமார், பெருமையாக. "ரொட்டி சானாய்! ரெண்டு! அப்பா ஊட்டுனாங்க!"

மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. ரொட்டி சானாய் தெரியும்; இங்கே பரோட்டாவுக்கு எல்லா மொழியிலும் அதுதான் பெயர்.

அன்றைய சிகிச்சை ரத்து!

"ஏம்ப்பா, எத்தன தடவ சொன்னேன்? வேணும்னே செய்றீங்களா?"

"வெறும் வயித்துல மயக்கம் குடுத்தா அவன் முழிக்க மாட்டான்லா. எனக்குத் தெரியும். நீ படிச்சவன், ஒனக்குத் தெரியாது."

இளம் வயது டாக்டர், தமிழ்ப் பெண், வெளியே வந்தார். கோபப்படவில்லை. (நான் அவருக்கும் சேர்த்துப் பட்டுவிட்டேன்.)

"யாரு தாத்தா அப்படிச் சொன்னா?"

அப்பா சொன்னார். வீட்டில் எனக்கு ஒருநாளும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம்.

"ஜப்பான்காரன் காலம்மா. எங்க அண்ணன் முத்துவும் இவன மாதிரிதான். பல்லு வீங்கிருச்சு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து ஏது? சம்சு சாராயத்த ஊத்தி மயங்க வச்சுப் புடுங்கலாம்னாங்க. நாங்க எல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தோம். அவன் தாங்கணுமேன்னு எங்கம்மா கல்யாணச் சேலையக் குடுத்து அரிசி வாங்கி, அவனுக்கு மட்டும் சோறு போட்டாங்க."

"அப்புறம்?"

"மயங்குனான். படுத்தபடியே வாந்தி எடுத்தான். எந்திரிக்கவே இல்ல. பட்டினி ஒடம்பு, ஒரு வேளச் சோறு பத்தலன்னு எல்லாரும் சொன்னாங்க."

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாத்தா, மயக்கத்துல இருக்கறப்ப வயித்துல உள்ளது மேல வந்தா, இருமித் துப்ப முடியாது. நுரையீரலுக்குள்ள போயிரும். அதுக்குத்தான் சாப்பிட வேணாங்கறோம்."

அப்பா, ரொட்டி ஊட்டிய தன் கைகளைப் பார்த்தார்.

"அப்ப... அந்தச் சோறுதானாம்மா?"

"அன்னிக்கு இத யாரும் சொல்லித் தரல தாத்தா" என்றார் டாக்டர். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் குமார் கன்னத்தைக் கார்க் கண்ணாடியில் மோதிக்கொண்டே வந்தான்.

அப்பா மேல் எனக்குள்ள வருத்தங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஏன் குமாரின் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பது விளங்கிவிட்டது.

இந்த முறை சமையலறைக் கதவை அப்பாவே பூட்டினார். குமார் அழுதான். அவரும் சாப்பிடவில்லை.

இன்று குமாரை உள்ளே கொண்டுபோனதும் அப்பா கதவுக்கு நேராக நின்றார். உட்காரச் சொன்னேன். (வழக்கம்போல் கேட்கவில்லை.)

எல்லாம் முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். குமார் கண்ணைத் திறந்தான். வாயில் பஞ்சு. அதற்கு நடுவே முதல் வார்த்தை வந்தது.

"பசிக்குது."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தார்.

"இப்பக் குடுக்கலாமாம்மா?"