சாவு வீட்டுக்குப் போன ஜப்பான் கோப்பை

ஜப்பானில் வேலை செய்யும் என் மகள் தேநீர்க் கோப்பை ஒன்றை அனுப்பியிருந்தாள். கையால் வனைந்து, சுற்றிலும் இலை இலையாகச் செதுக்கியது. "தினமும் இதுல குடிங்கப்பா" என்றாள். நான் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சிநேகிதன் மாரிமுத்து இறந்துபோனான். எங்கள் புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்தில் சாவு விழுந்தால், வருகிறவர்களுக்குப் பிளேன்டீ ஊற்ற லயத்து வீடுகளின் கோப்பைகளெல்லாம் அங்கே போய்விடும். என் மனைவி அலுமாரியைத் திறந்து ஜப்பான்காரியையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

"அதயுமா குடுத்த?"

"ஊரே மாரிமுத்து அண்ணனுக்கு அழுவுது, நீங்க கோப்பைக்கு அழுவுறீங்களா?"

உண்மைதான். சிநேகிதனின் சவப்பெட்டியைப் பார்க்காமல், கோப்பை கைமாறுவதையே பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தேன். "மனச தேத்திக்கங்கண்ணே" என்று ஆளாளுக்கு என் தோளைப் பிடித்தார்கள்.

கடைசியில் அது மாரிமுத்துவின் மனைவி செல்லம்மாவிடம் போனது. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். அவள் பார்க்காமலே ஒற்றைக் கையால் வாங்கினாள். 'போட்டுவிடாதே தாயே' என்று உள்ளுக்குள் கும்பிட்டேன்.

அவள் பாதி குடித்தாள். பிறகு, பழக்கத்தில், மிச்சத்தைப் பெட்டிப் பக்கம் நீட்டி, "இந்தாங்க, ஆறிடப் போவுது" என்றாள்.

ஒப்பாரி நின்றுவிட்டது. நீட்டிய கை இறங்கவில்லை. நான்தான் போய் வாங்கினேன். கோப்பை இன்னும் சூடாகவே இருந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. யாரும் தேற்ற வரவில்லை. காலையிலேயே என்னைத் தேற்றி முடித்திருந்தார்கள்.